என் மகனைக் கைவிடாத உங்களுக்கு

அன்புள்ள உங்கள் மூவருக்கும்,

பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. ஆனால் இந்த நன்றியை நாலு பேர் அறியச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

போன டிசம்பரில் பள்ளிக் கூடைப்பந்து மேட்ச் ஒன்றில், பந்து பறிபோன ஆத்திரத்தில், என் மகன் எதிரணிப் பையனின் காலைத் தட்டிவிட்டான். அந்த சீசனில் அது இரண்டாவது முறை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை தரையில் சுருண்டு கிடந்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

பக்கத்து வீட்டு அண்ணா, "இனி விளையாட்டே வேண்டாம்" என்று நான் கத்திய இரவில் நீங்கள்தான் அவனை உட்காரவைத்து, டியூக் பல்கலைக்கழக அணியில் ஆடிய கிரேசன் ஆலன் கதையைச் சொன்னீர்கள். இத்தனை வருடமாக டர்ஹாமில் டியூக் அணியின் மேட்ச் ஒன்றையும் விடாதவர் ஆயிற்றே நீங்கள். ஆலன், 2015 தேசியக் கல்லூரி இறுதிப் போட்டியில் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து 16 புள்ளி எடுத்து விஸ்கான்சினை வீழ்த்த உதவிய முதலாண்டு மாணவர். அவரே 2016இல் மூன்று மேட்ச்களில் மூன்று பேரின் காலைத் தட்டிவிட்டு நாடு முழுக்க ஏச்சு வாங்கினார். மூன்றாமவர் எலான் பல்கலைக்கழக வீரர். அவரிடம் ஆலன் நேரில் மன்னிப்புக் கேட்டார். டியூக் கோச் ஷஷெஃப்ஸ்கி அவருடைய கேப்டன் பதவியைப் பறித்து, ஒரு மேட்ச் வெளியே உட்காரவைத்தார். "அதே கோச் ஷஷெஃப்ஸ்கி அடுத்த சீசனில் அவனையே கேப்டனாக்கினார்டா" என்று நீங்கள் சொன்னபோதுதான் என் மகன் தலை நிமிர்ந்தான்.

எங்கள் பள்ளிக் கோச், உங்களுக்கு இதை அவனே படித்துச் சொல்வான். நான்கு மேட்ச் தடை போட்டீர்கள். ஆனால் பயிற்சிக்கு ஒரு நாள்கூட வராமல் இருக்கக் கூடாது என்றீர்கள். தண்ணீர் பாட்டில் நிரப்பினான், வியர்வை சிந்திய தரையைத் துடைத்தான். வீட்டில் முடங்கியிருந்தால் அவன் எங்களுக்கு இல்லாமலே போயிருப்பான்.

அடிபட்ட பையனின் அம்மா, உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்வரை காரில் மூன்று முறை மன்னிப்பை ஒத்திகை பார்த்தான். கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோய், "என் மேலதான் தப்பு" என்று மட்டும் சொல்லி அழுதான். உங்கள் மகன் ஐஸ் கட்டிய காலோடு சோபாவில் நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தானே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அண்ணா, கதையின் மிச்சத்தையும் நீங்கள் மறைக்கவில்லை. ஆலன் 2018இல் என்பிஏ என்ற தொழில்முறை லீகுக்கு 21ஆவதாகத் தேர்வாகி யூட்டா, மெம்ஃபிஸ், மில்வாக்கி அணிகள் என்று அலைந்ததைச் சொன்னீர்கள். 2022 ஜனவரியில் அவர் செய்த ஃபவுலில் எதிரணி வீரர் அலெக்ஸ் கரூசோவின் மணிக்கட்டு முறிந்து, மறுபடி ஒரு மேட்ச் தடை வாங்கியதையும் சொன்னீர்கள். ஃபீனிக்ஸ் அணிக்கு வந்த பிறகு, அதன் நட்சத்திரங்களான டுரான்ட்டையும் புக்கரையும் எதிரணி மொய்க்க, தன் இடத்தில் பொறுமையாக நின்று, பந்து வந்ததும் போட்டார். 2023-24இல் தூரத்திலிருந்து வீசும் மூன்று புள்ளி வீச்சில் 46.1 சதவீதம் கூடைக்குள், என்பிஏவிலேயே முதலிடம். 2024 ஏப்ரலில் நான்கு வருடத்துக்கு 7 கோடி டாலர் ஒப்பந்தம். நம்பி நிறுத்தலாம் என்று ஒரு அணி அவருக்கு எழுதிக் கொடுத்த சீட்டு அது.

இப்போது கோச் என் மகனையும் ஆலனைப் போல, பந்துக்காகக் காத்து நிற்க ஆடுகளத்தின் மூலையில்தான் நிறுத்துகிறார். போன செவ்வாய்க்கிழமை உங்கள் பையனின் அணியோடுதான் மேட்ச், அம்மா. இரண்டு முறை பந்தைப் பறிகொடுத்தான். இரண்டு முறையும் திரும்பி ஓடித் தடுக்க நின்றான். நீங்கள் கைதட்டியதை நான் பார்த்தேன்.

நன்றியுடன்,
ஒரு தகப்பன், ராலே, வட கரோலினா