பக் நாய் வளக்கறவங்க சார்பா இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நாய்க்கு பாலிசி விக்கிற எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும், அவங்களுக்கு மேல ஹைதராபாத்ல உக்காந்திருக்கற ஐஆர்டிஏஐ, அதாவது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தோட அதிகாரிங்களுக்கும் சேத்துதான் இதை எழுதறேன். கேக்க வந்தது ஒண்ணே ஒண்ணு, அதை மொதல்லயே சொல்லிடறேன். தட்டை மூஞ்சி இருக்கற இந்த பக் நாய்க்கு பாலிசி விக்கிறீங்கன்னா பக் நாய்க்கு வர்ற வியாதிக்கு காசு குடுங்க. முடியாதுன்னா, இந்த இனத்துக்கு இந்தந்த வியாதி சேராதுன்னு பிரீமியம் வாங்கறதுக்கு முன்னாடியே தெளிவா எழுதிக் குடுத்துட்டு அப்பறம் வாங்குங்க.

எங்க வீட்டுல லட்டுன்னு ஒரு பக் இருக்கான், நாலு வயசு. குட்டியில இருந்தே குறட்டை விடுவான், பாக்கறவங்க எல்லாம் சிரிப்பாங்க, டாக்டர் மட்டும் சிரிக்கல, மூக்கு ஓட்டை ரெண்டும் ஒரு கோடு மாதிரிதான் இருக்கு, வெயில் காலத்துல ஜாக்கிரதைன்னு சொல்லி அனுப்பினார். போன மே மாசம் கரண்ட் போன ஒரு சாயங்காலம் மூச்சு வாங்க ஆரம்பிச்சான், நிக்கவே இல்ல, முன்னங்கால் ரெண்டையும் அகட்டி வச்சுக்கிட்டு கழுத்தை நீட்டி இழுக்கறான், நாக்கு நாவப்பழம் தின்ன நாக்கு கலர்ல ஆயிடுச்சு. ஈரத்துண்டை போட்டு, ஃபேன் இல்லாத வீட்டுல விசிறியை வச்சு வீசி, ஆட்டோ புடிச்சு கிளினிக் போய் ஆக்ஸிஜன் குடுத்துதான் காப்பாத்துனோம். அதுக்கப்பறம் மூக்கு ஓட்டையை அகலப்படுத்தி, தொண்டைக்குள்ள தொங்கற மென்அண்ணத்தை வெட்டிக் கொறச்சு ஆபரேஷன். டெஸ்ட், எக்ஸ்ரே, மயக்க மருந்து, ராத்திரி முழுக்க ஆள் வச்சு பாத்துக்கிட்டது எல்லாம் சேத்து பில்லு 62,000 ரூபா. பாலிசி இருந்துச்சு, ரெண்டு தடவை ரினியூ பண்ணியும் இருந்தோம். கிளெய்ம் போட்டா ஒரே வரில பதில் வந்துச்சு, இது பிறவிக் குறைபாடு, பாலிசில சேராதுன்னு.

இதை எங்க ஒரு வீட்டு கதைன்னு நெனச்சு தள்ளிடாதீங்க, அதுக்காக எழுதல. இந்த நாயோட ஒடம்பே எப்படின்னு கொஞ்சம் பாருங்க. மூஞ்சி எலும்பை தலைமுறை தலைமுறையா சின்னதாக்கிட்டாங்க, ஆனா உள்ள இருக்கற சதை அதே அளவுக்கு சின்னதாகல. அந்த சதை எல்லாம் மடிஞ்சு போய் தொண்டையை அடைச்சுக்குது. நாய்க்கு நம்மள மாதிரி ஒடம்பு பூரா வேர்க்காது, நாக்கை தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை எறக்கணும். பக்குக்கு அந்த மூச்சை இழுக்கறதே கஷ்டமான வேலை, இழுக்க இழுக்க ஒடம்பு இன்னும் சூடாகுது, தொண்டை இன்னும் வீங்குது. இதுல சென்னை மாதிரி காத்துல ஈரம் நெறஞ்ச ஊர்னா மூச்சு வாங்கியும் சூடு எறங்காது.

லண்டன்ல இருக்கற ராயல் வெட்டரினரி காலேஜ் 2022-ல பிரிட்டன் பக் நாய்ங்களை மத்த நாய்ங்களோட ஒப்பிட்டு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரு வருஷத்துல ஏதாவது ஒரு வியாதி வர்றதுக்கான வாய்ப்பு பக்குக்கு ஏறக்குறைய 1.9 மடங்கு. மூச்சு அடைக்கிற இந்த பிரச்சனை மட்டும் கிட்டத்தட்ட 54 மடங்கு, கண்ணுல புண்ணு ஏறக்குறைய 13 மடங்கு, மூஞ்சி மடிப்புல வர்ற தோல் புண்ணு 11 மடங்கு. அதாவது இந்த நாய்க்கு என்ன வியாதி வரும்ங்கறது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிஞ்ச விஷயம். பல ஏர்லைன்ஸ்ல இந்த தட்டை மூக்கு நாய்ங்களை கார்கோல ஏத்தவே மாட்டாங்க. தமிழ்நாடு அரசு 2024-ல கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கைல நம்ம தட்பவெப்பத்துக்கு ஒத்து வராத இனங்கள்னு போட்ட பட்டியல்ல பக்கும் இருந்துச்சு. உங்களுக்கும் தெரியும், தெரிஞ்சதாலதான் பிறவிக் குறைபாடு, பரம்பரை நோய் சேராதுன்னு பாலிசியோட கடைசிப் பக்கத்துல போட்டு வச்சிருக்கீங்க. ஆனா அப்ளிகேஷன் ஃபார்ம்ல இனம் என்னன்னு கேட்டு, பக்னு டிக் பண்ணதும் பிரீமியத்தை மட்டும் வாங்கிக்கறீங்களே, அந்த எடத்துலயே இதை சொல்ல என்ன தடை?

கண்ணு விஷயத்தையும் சொல்லணும், அது பல பேருக்கு தெரியாது. பக்கோட கண்குழி ஆழமே இல்ல, அதனால கண்ணு துருத்திக்கிட்டு நிக்கும், சிலதுக்கு தூங்கும்போது கூட இமை முழுசா மூடாது. ஒரு செடில உரசினாலோ மூக்கு மேல மடிப்புல இருக்கற முடி குத்தினாலோ கருவிழில கீறல் விழும். டாக்டர் ஒரு ஆரஞ்சு கலர் சாயத்தை கண்ணுல விட்டு நீல லைட் அடிச்சுப் பாப்பாங்க, புண்ணு இருக்கற எடம் மட்டும் பளிச்சுனு பச்சையா தெரியும். உடனே பாத்தா சொட்டு மருந்தோட போயிடும், கழுத்துல கூம்பு காலரை மாட்டிட்டு வீட்டுலயே பாத்துக்கலாம். ரெண்டு மூணு நாள் விட்டா புண்ணு ஆழமாயி ஓட்டையே விழுந்துடும், அப்பறம் ஆபரேஷன், சில சமயம் கண்ணையே எடுக்கணும். என் ஃபிரெண்டு ஒருத்தர் வீட்டு பக்குக்கு இப்படி ஆனப்ப, முக மடிப்பு முடி உரசுனதால வந்த புண்ணுன்னு டாக்டர் நேர்மையா எழுதிக் குடுத்தார், அந்த ஒரு வரியை வச்சே கிளெய்மை தள்ளிட்டாங்க. இப்படியே போனா டாக்டருங்க காரணத்தை எழுதவே பயப்படுவாங்க, எழுதாதீங்க சார்னு நாய் வளக்கறவங்களே கெஞ்ச ஆரம்பிப்பாங்க. அது உங்களுக்கும் நல்லதில்ல.

எனக்கு தோணுறது என்னன்னா, நாய் பாலிசியை யோசிச்சவங்க மாட்டு இன்சூரன்ஸை பக்கத்துல வச்சுக்கிட்டுதான் யோசிச்சிருக்காங்க. மாட்டுக்கு டாக்டர் வெல போட்டுக் குடுப்பார், காதுல தோடு அடிப்பாங்க, மாடு செத்தா அந்த தோட்டைக் காட்டி காசு வாங்கணும், தோடு இல்லன்னா காசும் இல்ல. கறவை மாட்டை நம்பி பொழைக்கிற குடும்பத்துக்கு அது சரியான ஏற்பாடுதான், மாடு போனா வருமானம் போச்சு. நாய் வளக்கறவன் நாய் செத்தா காசு வரும்னு எதிர்பாத்து பாலிசி எடுக்கறதில்ல. அது பொழைக்கணும், பொழைக்க வைக்க ஆகற செலவுல கை குடுங்கன்னுதான் எடுக்கறான். நீங்க பாலிசில சாவுக்கு இவ்வளவு, தொலைஞ்சு போனா இவ்வளவு, நாய் யாரையாவது கடிச்சுட்டா இவ்வளவுன்னு தாராளமா எழுதறீங்க, வைத்தியம்னு வர்றப்பதான் கை சுருங்குது.

உங்க பக்கம் என்ன சொல்லுவீங்கன்னும் தெரியும். நாய்க்கு மூச்சு முட்ட ஆரம்பிச்சப்பறம் ஓடி வந்து பாலிசி எடுத்தா கம்பெனி என்ன பண்ணும்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா மனுஷங்க விஷயத்துல இதே கேள்விக்கு நீங்களே பதில் கண்டுபிடிச்சு வச்சிருக்கீங்களே. சுகர் இருக்கறவருக்கு பாலிசி இல்லன்னா சொல்றீங்க, கொஞ்சம் கூட வாங்கிட்டு, காத்திருக்கற காலம்னு ஒண்ணு வச்சு குடுக்கறீங்க. முன்னாடியே இருக்கற நோய்க்கு அதிகபட்சம் 4 வருஷம்னு இருந்த காத்திருப்பை ஐஆர்டிஏஐ 2024-ல 3 வருஷமா கொறச்சுது. 5 வருஷம் விடாம பிரீமியம் கட்டிட்டா மோசடியை நிரூபிச்சா ஒழிய கிளெய்மை கேள்வி கேக்க முடியாதுன்னும் சொல்லிச்சு. மரபணு நோய்னு ஒத்த வார்த்தையை வச்சு மனுஷனோட கிளெய்மை தள்ளறது சரியில்லன்னு டெல்லி ஹைகோர்ட் 2018-லயே சொல்லிச்சு. நாயை மனுஷனோட சரிசமமா வைக்கச் சொல்லி நான் கேக்கல, ஆனா பிரச்சனைக்கு வழி உங்க கையிலயே இருக்கு, அதை நாய் பாலிசிக்கும் கொண்டு வரணும்னு மனசு வைக்கணும், அவ்வளவுதான்.

பக்குக்கு இன்னும் சுலபமா ஒரு வழி இருக்கு. கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டியும், நாய் இனங்களை பதிவு பண்ற பிரிட்டன் கென்னல் கிளப்பும் சேந்து 2019-ல ஒரு மூச்சுப் பரிசோதனையை கொண்டு வந்தாங்க. பெரிய மெஷின் எதுவும் வேணாம். ஸ்டெதஸ்கோப் வச்சு மூச்சை கேப்பாங்க, மூணு நிமிஷம் வேகநடையா ஓட விடுவாங்க, திரும்ப கேப்பாங்க, 0-ல இருந்து 3 வரைக்கும் கிரேடு போடுவாங்க, 0-ன்னா மூச்சுல பிரச்சனை இல்ல, 3-ன்னா ரொம்ப மோசம். பயிற்சி எடுத்த டாக்டருங்க எந்த ஊர்லயும் இதை பண்ணலாம். 1903-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் வெட்டரினரி காலேஜ் நம்ம சென்னை வேப்பேரில இருக்கு, அங்க இருந்தே ஆரம்பிக்கலாம். பாலிசி எடுக்கும்போது ஒரு தடவை கிரேடு எடுங்க, வருஷா வருஷம் ரினியூவல்ல ஒரு தடவை எடுங்க. கிரேடு 0, 1 இருக்கற நாய்க்கு மூச்சு ஆபரேஷனையும் சேத்து குடுங்க, 2-க்கு பிரீமியம் கூட வாங்குங்க, இல்ல பில்லுல பாதி நாங்க கட்டறோம் பாதி நீங்க கட்டுங்க, 3-னா இப்போதைக்கு மூச்சுக்கு மட்டும் கெடயாதுன்னு நேரா சொல்லிடுங்க, ஏத்துக்கறோம். உண்ணி காய்ச்சல், விபத்து, வயிறு உப்பல்னு மத்த நாய்க்கு வர்றதெல்லாம் இதுக்கும் வரும்ல, அதுக்காகவாவது எடுத்துக்கறோம். எது கெடைக்கும் எது கெடைக்காதுன்னு தெரிஞ்சு கட்டற காசு வேற, தெரியாம கட்டற காசு வேற.

அடையாளம் ஒரு பிரச்சனைன்னு முன்னாடி சொல்லிட்டு இருந்தீங்க, ஒரு பக்கைக் காட்டி இன்னொரு பக்குக்கு கிளெய்ம் வாங்கிடுவாங்கன்னு. இப்போ சென்னை மாநகராட்சியே வளர்ப்பு நாய்க்கு லைசென்ஸ், மைக்ரோசிப்புன்னு கட்டாயமாக்கிடுச்சு. 15 இலக்க நம்பர் தோலுக்கடியில இருக்கு, ஸ்கேனரை காட்டினா தெரிஞ்சுடப் போகுது.

டாக்டர் ஃபீஸ் பத்தியும் ஒரு வார்த்தை. பில்லை பாத்ததும் பல பேர் டாக்டரைத்தான் திட்டறாங்க, எனக்கு அது சரியா படல. பக்கை மயக்கத்துல இருந்து எழுப்பறது சாதாரண வேலை இல்ல, முழுசா முழிச்சு தானா துப்ப வர்ற வரைக்கும் தொண்டையில இருக்கற ட்யூபை எடுக்க மாட்டாங்க, ஒருத்தர் பக்கத்துலயே உக்காந்து ஈறு கலரை பாத்துக்கிட்டே இருக்கணும், அதுக்கு ஆளு வேணும், காசு ஆகும். வேப்பேரி காலேஜ் ஆஸ்பத்திரில கம்மி காசுல பாக்கறாங்க, ஆனா எவ்வளவு கூட்டம்னு காலைல போய் பாத்தாதான் தெரியும், ராத்திரி மூச்சு முட்டற நாயை தாம்பரத்துல இருந்தோ திருவள்ளூர்ல இருந்தோ தூக்கிட்டு அங்க போய் சேர முடியுமா சொல்லுங்க. ஊர்ல ஒவ்வொரு தனியார் கிளினிக்லயும் ஒவ்வொரு ரேட்டு, அதுவும் உண்மைதான். நீங்க கிளினிக்குங்களோட பேசி இந்த ஆபரேஷனுக்கு இவ்வளவுன்னு ஒரு பேக்கேஜ் போட்டா, மனுஷங்களுக்கு கேஷ்லெஸ் இருக்கற மாதிரி இதுக்கும் வந்தா, ரேட்டு தானா ஒழுங்குக்கு வரும். அது எங்க கையில இல்ல, உங்க கையிலதான் இருக்கு.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. 2003-ல ஹட்ச் செல்ஃபோன் கம்பெனி விளம்பரத்துல அந்த பையன் பின்னாடி பக் நடந்து வந்ததுல இருந்து நாட்டுல இந்த நாய்க்கு வந்த கிராக்கி எல்லாருக்கும் தெரியும். கிராக்கி வந்ததும் வீட்டு மாடில, கொட்டகைல வச்சு குட்டி போட வச்சு வித்தாங்க, மூக்கு எவ்வளவு உள்ள போயிருக்கோ அவ்வளவு வெல. 2017-ல மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி பிரீடர் மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணணும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கக்கூடாது, ஒரு பெண் நாயை வாழ்நாள்ல அஞ்சு ஈத்துக்கு மேல போட வைக்கக்கூடாது. யார் கண்காணிக்கறாங்க? நீங்க கண்காணிக்கலாம். பதிவு பண்ண பிரீடர்கிட்ட வாங்கின குட்டி, தாய் தகப்பனுக்கு மூச்சு கிரேடு 0, 1 இருக்குன்னு பேப்பர் காட்டினா பிரீமியத்துல கொறைங்க. ஜனங்க குட்டி வாங்கும்போதே அந்த பேப்பரை கேக்க ஆரம்பிப்பாங்க, இல்லாதவன்கிட்ட வாங்க மாட்டாங்க. ஸ்வீடன்ல 1924-லயே நாய்க்கு பாலிசி போட ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு அங்க பெரும்பாலான நாய்ங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கு, எந்த இனத்துக்கு என்ன கிளெய்ம் வருதுங்கற கணக்கை கம்பெனியே அந்தந்த இனத்துக்கான சங்கங்ககிட்ட (பிரீட் கிளப்) குடுக்குது. நீங்களும் தள்ளிவிட்ட கிளெய்ம் கணக்கையாவது பேர் ஊர் எடுத்துட்டு விலங்கு நல வாரியத்துக்கு குடுங்க. பக் நாயே வேணாம்னு சொல்றவங்க இருக்காங்க, புதுசா வாங்காதீங்கன்னு நானும் கேக்கறவங்ககிட்ட சொல்லிட்டுதான் இருக்கேன். ஆனா ஏற்கனவே பொறந்து நம்ம வீட்டுல சோறு தின்னுட்டு இருக்கறது மூச்சு விடணுமே.

ஐஆர்டிஏஐ அதிகாரிங்களுக்கு தனியா ஒரு வேண்டுகோள். மனுஷங்களோட ஹெல்த் பாலிசிக்கு என்ன சேரும் என்ன சேராதுன்னு எளிய மொழில ஒரு சுருக்கத் தாளை புதுசா வடிவமைச்சு 2024 ஜனவரி 1-ல இருந்து கட்டாயமாக்கினீங்க, கேட்டா உள்ளூர் மொழிலயும் குடுக்கணும்னு சொன்னீங்க, நல்ல வேலை அது. நாய் பாலிசிக்கும் அதே மாதிரி ஒரு தாள், ஆனா இனத்தோட பேரைப் போட்டு, அந்த இனத்துக்கு அடிக்கடி வர்ற அஞ்சாறு வியாதியை எழுதி, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல உண்டு, இல்லன்னு. பக்குக்கு மூச்சு, கண்ணு, தோல் மடிப்பு, முட்டிச் சில்லு நழுவறது, முதுகெலும்பு. லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டு. எங்க ராஜபாளையம் நாய்க்கு காது கேக்காம பொறக்கறது. காசு கட்டறதுக்கு முன்னாடி அந்த தாள்ல கையெழுத்து வாங்கணும்னு ஒரு உத்தரவு போடுங்க.

கம்பெனிங்க பதில் சொல்ல வேண்டிய கேள்வி ரெண்டு. மூச்சு கிரேடை வச்சு பக்குக்கு பாலிசி போட முடியுமா, முடியாதா? முடியாதுன்னா, சேராதுன்னு தெரிஞ்சே இத்தனை வருஷமா பக் வளக்கறவங்க கிட்ட வாங்கின பிரீமியத்துக்கு என்ன கணக்கு? பதிலை தமிழ்லயே போடுங்க, நாங்க எல்லாரும் படிக்கறோம்.

இப்படிக்கு,
சென்னையில ஒரு பக் வளக்கறவன்