பன்னிரண்டாவது ஆள்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. ஏழு பக்கத்தில் ஐந்து பக்கம் கிரிக்கெட். மீதி இரண்டில் மருமகள் வேலை மாறியதையும் உனக்குக் கண்புரை அறுவை முடிந்ததையும் எழுதியிருக்கிறாய். கண் எப்படி இருக்கிறது? இரவில் பட்டர்வொர்த் பக்கம் வண்டி ஓட்டாதே. இதை மட்டும் கேட்டுக்கொள்.

இங்கே எல்லோரும் நலம். நாளை மெர்டேக்கா, சுதந்திர தினம். தெருவெங்கும் கொடி பறக்கிறது. பேத்தி பள்ளியில் பாடப்போகிற பாட்டை மூன்று நாளாக வீட்டில் பாடிக்கொண்டே இருக்கிறாள். என் முழங்கால் பரவாயில்லை. சனிக்கிழமைதோறும் கொமுட்டர் ரயிலேறி கிள்ளானுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதை இன்னும் விடவில்லை.

இனி உன் ஐந்து பக்கத்துக்கு வருகிறேன்.

ஐபிஎல்லில் வந்த இம்பாக்ட் பிளேயர் விதி, அதாவது ஆட்டத்தின் நடுவே ஒருவரை எடுத்துவிட்டு வெளியே இருக்கும் இன்னொருவரை இறக்கலாம் என்ற விதி, நல்ல விதி என்கிறாய். வெளியே உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்குக் கூடுதலாக ஒரு வாய்ப்புக் கிடைக்கிறதே, அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறாய். 2023 மார்ச் 31 அன்று, அந்த விதி வந்த முதல் ஆட்டத்திலேயே, குஜராத் அணியில் காயம்பட்ட வில்லியம்சனுக்குப் பதிலாக நம் சாய் சுதர்சன் இறங்கியதை எடுத்துக்காட்டியிருக்கிறாய். அதே ஆண்டு இறுதியாட்டத்தில் அவர் சென்னைக்கு எதிராக 96 ஓட்டங்கள் எடுத்ததையும் சேர்த்திருக்கிறாய். அந்த இரவை நான் மறப்பேனா? சென்னையின் ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் ஆறும் நான்கும் அடித்தபோது நள்ளிரவு தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. மாமாக் கடையில் தே தாரேக் ஆறிப்போய்க் கிடந்தது. ஆனால் செல்வம், அந்த 96 ஓட்டங்களை சுதர்சன் பதினொருவரில் ஒருவராக நின்று எடுத்திருந்தாலும் அவை 96 ஓட்டங்கள்தான். விதி அவருக்கு மட்டையைப் பிடிக்கக் கற்றுத்தரவில்லை.

நஷ்டம் யாருக்கு என்று கேட்டாயே, வாஷிங்டன் சுந்தருக்கு. ரோகித் சர்மா 2024-ல் இந்த விதி தமக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னபோது இரண்டு பெயர்களைச் சொன்னார்: வாஷிங்டன், சிவம் துபே. கொஞ்சம் மட்டை, கொஞ்சம் பந்து என்று இரண்டையும் செய்யக்கூடிய இப்படிப்பட்டவர்களுக்குப் பந்துவீசவே வாய்ப்பில்லாமல் போகிறது என்றார். சரியாகத்தான் சொன்னார். மட்டைபிடிக்கும் நேரத்தில் முழுநேர மட்டையாளர் ஒருவர், பந்துவீசும் நேரத்தில் முழுநேரப் பந்துவீச்சாளர் ஒருவர் என்று மாற்றிக்கொள்ள முடியுமானால், இரண்டிலும் பாதி பாதி தெரிந்தவரை எந்தக் கேப்டன் எடுப்பார்? உள்நாட்டு சையத் முஷ்டாக் அலி போட்டியில் 2024-ல் இந்த விதியை எடுத்துவிட்டார்கள். ஐபிஎல்லில் மட்டும் 2027 வரை வைத்திருக்கப்போகிறார்கள். பிள்ளைகள் பார்ப்பதோ ஐபிஎல்லைத்தான்.

2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான பிரிஸ்பேன் டெஸ்டை நினைத்துப்பார். வலைப் பயிற்சிக்குப் பந்துவீச அங்கேயே தங்கவைக்கப்பட்ட பையன்தான் வாஷிங்டன். ஒவ்வொருவராகக் காயப்பட்டு விழ, அறிமுக டெஸ்டில் இறங்கினார். சின்னப்பம்பட்டி நடராஜனுக்கும் அதுவே அறிமுக டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் இருவரும் ஆளுக்கு மூன்று விக்கெட். அதன்பின் ஷர்துல் தாக்கூருடன் சேர்ந்து வாஷிங்டன் 123 ஓட்டங்கள் சேர்த்தாரே, அது இல்லாமல் ஐந்தாம் நாள் வெற்றி ஏது? பந்துவீச எடுத்தவன் மட்டையால் காப்பாற்றினான். கிரிக்கெட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: எதற்காக எடுத்தார்களோ அதைத் தாண்டி ஒருவன் செய்துகாட்டுவது. உன் விதி அந்தக் கதவைச் சாத்துகிறது.

சென்ற மாதம் இங்கிலாந்துக்கு எதிரான மான்செஸ்டர் டெஸ்டில் வாஷிங்டனை மறுபடியும் பார்த்தோம். 311 பின்தங்கி, முதல் ஓவரிலேயே ஓட்டமில்லாமல் இரண்டு விக்கெட் போனபின், ஐந்தாவதாக வந்து 101 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். ஜடேஜா 107. ஸ்டோக்ஸ் கைகுலுக்கிவிட்டு முடித்துக்கொள்ளலாம் என்று வந்தபோது இருவரும் மறுத்ததைப் பற்றி இங்கே ஒரு வாரம் சண்டை நடந்தது. மறுத்தது சரி. நாள் முழுவதும் வெயிலில் நின்று சம்பாதித்த சதத்தை எதிரணி கேப்டனின் களைப்புக்காக யாராவது விட்டுக்கொடுப்பார்களா?

அப்படி ஆடியவரை ஆசியக் கோப்பை அணியில் காத்திருப்போர் வரிசையில் வைத்திருக்கிறார்கள். இருபது ஓவர் ஆட்டம் வேறு என்று நீ சொல்வாய், தெரியும். ஆனால் 604 ஓட்டங்கள் எடுத்துப் பஞ்சாபை இறுதியாட்டம் வரை கொண்டுபோன ஷ்ரேயஸ் ஐயருக்கு அந்த வரிசையில்கூட இடமில்லையே, அதற்கு என்ன சொல்வாய்? அவர்மேல் தவறில்லை, யாருக்குப் பதிலாக எடுப்பது என்கிறார் தேர்வுக் குழுத் தலைவர் அகர்கர். தேர்வாளர்கள் உட்கார்ந்திருப்பதே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தானே! இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டிலும் குல்தீப் யாதவை வெளியே உட்காரவைத்தார்களே, அதைவிடப் பெரிய வீணடிப்பு இந்த ஆண்டு இல்லை. மட்டைபிடிக்கத் தெரிந்தவர் வேண்டும் என்று அவரை ஒதுக்கினார்கள். சகலதுறை வீரருக்காக இவ்வளவு வாதாடுகிற நான் குல்தீப்புக்காகவும் வாதாடுவது உனக்கு முரணாகத் தோன்றும். இருபது விக்கெட் எடுக்காமல் டெஸ்டை வெல்ல முடியாது, அவ்வளவுதான். 2023 உலக டெஸ்ட் இறுதியாட்டத்தில் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அஸ்வினை விட்டுவிட்டு ஆடி, 209 ஓட்டங்களில் தோற்றது போதாதா? புதன்கிழமை அவர் ஐபிஎல்லுக்கும் விடைகொடுத்த செய்தி வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவருடைய 537 டெஸ்ட் விக்கெட் அல்ல, அந்த இறுதியாட்டம் நடந்த லண்டன் ஓவல் மைதானத்தில் அவர் தண்ணீர் பாட்டிலோடு நின்ற காட்சிதான்.

பந்து விஷயத்தில் நாம் இருவரும் ஒரே பக்கம் என்பதில் மகிழ்ச்சி. 2011-லிருந்து ஒருநாள் ஆட்டத்தில் இரு முனைக்கும் இரு புதுப் பந்து என்று வைத்து, பழைய பந்தையே ஒழித்துவிட்டார்கள். எந்தப் பந்தும் 25 ஓவருக்கு மேல் வயதாவதில்லை. பிறகு பழைய பந்து காற்றில் எதிர்ப்பக்கம் வளையும் ரிவர்ஸ் ஸ்விங் எங்கே, பிடித்துத் திருப்ப சுழல்பந்துக்காரருக்குச் சொரசொரப்பு எங்கே? இந்த ஜூலையிலிருந்து 34 ஓவருக்குப் பின் இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றியிருப்பது பாதி நியாயம். கடைசி ஓவரில் அந்தப் பந்து 33 ஓவர் பழசாக இருக்கும். சிறுவயதில் பால்மரத் தோட்டத்தில் நாம் ஒரே பந்தை ஒரு பருவம் முழுவதும் ஆடினோமே, செம்மண் ஏறித் தையல் பிரிந்து, உன் அண்ணன் அதை எப்படியெல்லாம் திருப்புவார்!

இப்போது நீயும் நானும் உண்மையில் மோதும் இடத்துக்கு வருகிறேன். காயம்பட்டவருக்கு மாற்று வீரர் கூடாது என்கிறாய். இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் வோக்ஸின் தீரத்தைக் காட்டுகிறாய். ஓவலில் தோள்மூட்டு விலகி, கையை ஸ்வெட்டருக்குள் கட்டிக்கொண்டு, 17 ஓட்டங்கள் தேவைப்படும்போது பதினொன்றாவது ஆளாக அவர் நடந்துவந்ததை நானும் எழுந்து நின்றுதான் பார்த்தேன். சிராஜ் கடைசி விக்கெட்டை எடுத்து ஆறு ஓட்டங்களில் நாம் வென்றபின்னும் என் கண் அவர்மேல்தான் இருந்தது. அதற்கு முந்தைய டெஸ்டில் பந்த்தின் பாதத்தை முறித்த பந்தை வீசியவரும் அவரேதான். பந்த்தும் நொண்டிக்கொண்டே திரும்பி வந்து 54 எடுத்தார். இதெல்லாம் கிரிக்கெட்டின் பெருமை, மாற்று வீரர் வந்தால் இது போய்விடும் என்கிறாய். ஸ்டோக்ஸும் கிட்டத்தட்ட உன் கட்சி. நம் பயிற்சியாளர் கம்பீர் மாற்று வீரர் வேண்டும் என்கிற கட்சி.

போன மாதம் வரை நானும் உன் கட்சிதான். மூன்று வாரத்துக்கு முன் நடந்த ஒன்று என்னை மாற்றிவிட்டது.

கிள்ளானில் எங்கள் பிள்ளைகளுக்கு ஓர் ஆட்டம். பதின்மூன்று பேர் இருக்கிறார்கள், பதினொருவரைத்தான் இறக்கமுடியும். நவீன் என்று ஒரு பையன், லெக் ஸ்பின் போடுவான், வயது பன்னிரண்டு. முந்தைய நாள் மழையில் ஆடுகளம் ஈரமாக இருந்ததால் அவனை வெளியே வைத்தேன். இரண்டாவது ஓவரிலேயே எங்கள் வேகப்பந்துக்காரன் கணுக்கால் பிசகி விழுந்தான். நவீன் ஓடிவந்தான். முகத்தில் என்ன ஒளி! நடுவர் விதியைச் சொன்னார்: பந்தைத் தடுக்கலாம், வீசக்கூடாது, மட்டையும் பிடிக்கக்கூடாது. எதிரணிப் பயிற்சியாளரும் அதையே பிடித்துக்கொண்டார். பதினெட்டு ஓவர் வெயிலில் நின்று பந்து பொறுக்கினான். வெயில் ஏறி ஆடுகளம் காய்ந்து, அவன் பந்து சுழலக்கூடிய நேரம் வந்தபோது வீச அனுமதியில்லை. மான்செஸ்டரில் ஜுரல் பந்த்துக்குப் பதிலாக விக்கெட் காத்தாரே, மட்டைபிடிக்க முடியாமல், அதே நிலைதான். எங்களுக்கு ஒரு பந்துவீச்சாளர் குறைந்தது, தோற்றோம். விழுந்த பையனுக்கும் பலனில்லை, வந்த பையனுக்கும் பலனில்லை.

தலையில் அடிபட்டால் மாற்று உண்டு, கால் முறிந்தால் கிடையாது என்பது எந்த நியாயத்தில் சேர்த்தி? இந்திய வாரியம் இந்த மாதம்தான் உள்நாட்டின் பலநாள் ஆட்டங்களில் கடுமையான காயத்துக்கு மாற்று வீரரை அனுமதித்திருக்கிறது. அது சரியான விதி. ஏமாற்றுவார்கள் என்று நீ பயப்படுகிறாய். மருத்துவர் பார்க்கட்டும், அதே வகை ஆட்டக்காரர்தான் வரவேண்டும் என்று இருக்கட்டும். வியூகத்துக்காக ஆளை மாற்றுவது வேறு, விழுந்தவன் இடத்தில் ஒருவன் நிற்பது வேறு. முதலாவதில் கேப்டன் தன் முடிவிலிருந்து தப்பிக்கிறார். இரண்டாவதில் யாரும் எதிலிருந்தும் தப்பிக்கவில்லை.

மழைக்கும் இதே கோபம் நமக்கு உண்டு, நினைவிருக்கிறதா? 2006 செப்டம்பரில் இங்கே கின்ராரா மைதானத்தில் சச்சின் 141 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்ற அந்த நாள். நீ பினாங்கிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திருந்தாய். மழை வந்து, குறைந்த ஓவருக்கு இலக்கை மாற்றும் டக்வொர்த் லூயிஸ் கணக்கில் வெஸ்ட் இண்டீஸ் வென்றது. இரண்டு நாள் நீ பேசவில்லை. 2008-ல் அதே மைதானத்தில் கோலியின் இளையோர் அணி அதே கணக்கில் 12 ஓட்டங்களில் உலகக் கோப்பையை வென்றபோது மட்டும் அந்தக் கணக்கு அறிவியல் ஆகிவிட்டது உனக்கு!

பிப்ரவரியில் பாயுமாஸ் ஓவலில் இளையோர் பெண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்குப் பேத்தியைக் கூட்டிப்போனதை எழுதியிருந்தேன். அரையிறுதியில் 56 எடுத்த மதுரைப் பெண் கமலினியைப் பார்த்ததிலிருந்து பேத்திக்கு விக்கெட் கீப்பர் கையுறை வேண்டுமாம். நம் மலேசியப் பெண்கள் இந்தியாவிடம் 31-க்குள் சுருண்டதைப் பற்றியும் கேட்டாள். அவர்கள் இறங்கி ஆடினார்களே, அடுத்த முறை 60 எடுப்பார்கள் என்றேன். எடுக்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கிள்ளானில் தோற்ற அன்று மாலை நவீனிடம் ஒரு கதை சொன்னேன். உன் அப்பா சொன்ன கதை. நீ அப்போது இல்லை, காய்ச்சலில் படுத்திருந்தாய். பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம், தோட்டத்துக் கணக்கரான உன் அப்பா, எங்கள் கிராணி ஐயா, அணியைப் படிக்கிறார், என் பெயர் பதினொன்றில் இல்லை. பால்மரத்தடியில் போய் உட்கார்ந்து அழுதேன். ஆட்டம் முடிந்து எல்லோரும் போனபின் அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "வெங்கட்ராகவன் டெல்லி டெஸ்டில் அணித்தலைவர். அடுத்த டெஸ்ட் கல்கத்தாவில். அங்கே அவர் யார் தெரியுமா? பன்னிரண்டாவது ஆள்" என்றார். வழக்கமான தலைவர் பட்டோடி காயத்திலிருந்து திரும்பியதும் அப்படி ஆயிற்று, ஆனாலும் அடுத்த ஜூனில் உலகக் கோப்பைக்கு இந்தியாவின் தலைவராகப் போனவர் அதே வெங்கட்தான் என்றும் சொன்னார். எனக்கு ஆறுதலாக இல்லை, செல்வம். அணித்தலைவருக்கே அப்படியா என்று இன்னும் அழுகை வந்தது. ஆனால் அவர் எழுந்து போகவில்லை, இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். என்னை நீக்கியவர் அவர், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். இன்றைக்கு அகர்கரை நான் திட்டும்போதெல்லாம் அந்த மரத்தடி ஞாபகம் வருகிறது.

நவீனும் ஆறுதலடையவில்லை. அவன் அம்மா வந்து கூப்பிடும்வரை நானும் அங்கேயே இருந்தேன்.

செப்டம்பர் இருபதாம் தேதி அடுத்த ஆட்டம். பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயிலில் வந்துவிடு, கோலாலம்பூர் செண்ட்ரல் நிலையத்தில் வந்து காத்திருப்பேன். உன் அப்பா பச்சை மையில் எழுதிய ஓட்டக்கணக்கு நோட்டை மறக்காமல் எடுத்து வா. என் பெயர் பன்னிரண்டாவதாக இருக்கும் அந்தப் பக்கத்தை நவீனுக்குக் காட்டவேண்டும். அவனை இந்த முறை பதினொன்றில் சேர்த்துவிட்டேன். வெளியே போகவேண்டியவன் யார் என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. நீ வந்ததும் இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
கணேசன்