அல்சூரிலிருந்து சுந்தரத்துக்கு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண்புரை ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. கோபித்துக்கொள்ளாதே.

அமெரிக்காவில் உன் பேத்தியின் பள்ளிப் படிவத்தில் 'இனம்' என்று ஒரு கட்டத்தைப் பார்த்து உன் மகன் திணறிப்போனதாக எழுதியிருந்தாய். திணறாமல் என்ன செய்வான்? அந்த நாட்டு சென்சஸே 1940-ல் நம்மை 'இந்து' என்று ஓர் இனமாக எழுதியது. 1970-ல் வெள்ளைக்காரர்களோடு சேர்த்தது. 1980-ல் 'ஆசிய இந்தியர்' ஆக்கியது. இத்தனைக்கும் நம் நிறம் என்னவோ அதேதான்.

இங்கே இனம் கேட்பதில்லை, தாய்மொழி கேட்கிறார்கள். 2011-ல் கர்நாடகத்தின் 6.11 கோடிப் பேரில் கன்னடம் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 66 சொச்சம். உருது கிட்டத்தட்ட 11, தெலுங்கு 6-க்குக் கொஞ்சம் குறைவு, நம்மவர்கள் மூன்றரை. அப்புறம் மராத்தி, துளு, கொங்கணி என்று போகிறது. 1809-ல் பெங்களூரில் பிரிட்டிஷ் பட்டாளத்தின் கண்டோன்மென்ட் வந்தபோது பட்டாளத்தோடும் அதன் பின்னாலும் வந்தவர்களின் வாரிசுகள்தானே நாம் கோலி ஆடிய தெருவில் பாதிப்பேர்!

போன டிசம்பரில் ஒரு கல்யாணத்துக்காக எல்லாபூர் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குச் சுருட்டை முடி, நல்ல கறுப்பு. ஆப்பிரிக்காவிலிருந்து படிக்க வந்தவர் என்று நினைத்து, என் ஓட்டை இங்கிலீஷில் "எந்த நாடு?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, இதே தாலுகாதான் என்று கன்னடத்தில் சொன்னார். அசடு வழிந்து நானும் கன்னடத்தில் இரண்டு வார்த்தை பேசினேன். உடனே, "நீவு தமிளரா?" என்றார். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், சுந்தரம்!

அவர் 'சித்தி' என்ற சமூகத்தைச் சேர்ந்தவர். போர்ச்சுகீசியர்கள் அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களில் தப்பியோடியவர்கள் உத்தர கன்னடக் காடுகளில் ஒளிந்து வாழ்ந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூவரும் உண்டு. வீட்டில் கொங்கணி கலந்த பேச்சு. 2003-ல்தான் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தார்கள். 2020-ல் சாந்தாராம் சித்தி கர்நாடக மேலவைக்கு நியமிக்கப்பட்டார், சித்திகளில் முதல் ஆள். மொழிக் கணக்கில் பார்த்தால் பஸ் ஸ்டாண்டு மனிதர் கொங்கணியிலோ கன்னடத்திலோ கரைந்துபோவார். முகத்தில் எந்த வித்தியாசமும் இல்லாத நான் மூன்றரையில் தனியாக நிற்கிறேன். எனக்கு இது இன்னும் ஜீரணமாகவில்லை.

என் வீட்டுக் கதையும் கேள். குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழிதான் தாய்மொழி என்பது சென்சஸ் விதி. மருமகள் மங்களூர்க்காரி. ஆக, அடுத்த கணக்கெடுப்பில் என் பேத்தி துளு. என்னிடம் தமிழில்தான் பேசுகிறாள், சண்டை போடுவது மட்டும் கன்னடத்தில். கொஞ்சம் மனசு வலித்தது, மறைக்கவில்லை. அதற்கும் அவளே, "உங்க மூன்றரையில என்னைக் கால்வாசி சேர்த்துக்கோங்க தாத்தா" என்றாள்.

சரி, உன் பேத்திக்குக் கடைசியில் எந்தக் கட்டத்தில் டிக் போட்டார்கள்? அதை எழுது. தங்கச்சியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதையும்.

உன்,
ராமு