விமான மாடல் செய்யும் தமிழ் நண்பர்களுக்கு: அந்த எய்லரானைக் கொஞ்சம் கவனியுங்கள்

கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்கு இலவசமாக விமான மாடல் செய்து தரும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்திலிருந்து உங்கள் மாடல்களை ஓட்டுகிறவர்கள் எழுதுகிறோம். நீலகிரியில் பயணிகள் விமான நிலையம் இல்லை. கோவையில் கிளம்பி, மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறுவதுதான் எங்கள் தடம். வளைவுக்கு வளைவு இறக்கையைச் சாய்க்க வேண்டிய இடம் என்பதால், எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசைந்து விமானத்தைச் சாய்க்கும் தட்டு) தப்பாக அசைந்தால் உடனே கண்ணில் படுகிறது.

உங்கள் செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தின் மாடலில் எய்லரான் மேலும் கீழும் 20 பாகை போகிறது. நிஜத்தில் மேலே 20, கீழே 15. கீழிறங்கும் எய்லரானில் இழுவை கூடி, மூக்கு திருப்பத்துக்கு எதிர்ப்பக்கம் போகும். அதைக் குறைக்கத்தான் இந்த வித்தியாசம். அனிமேஷனில் கீஃபிரேம் (அசைவின் நிலையைக் குறிக்கும் புள்ளி) 0-இல் மேலே 20, 50-இல் நடுநிலை, 100-இல் கீழே 15 என்று வையுங்கள். எலிவேட்டருக்கு (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தட்டு) மேலே 28, கீழே 23.

அடுத்தது கீல், அதாவது எய்லரான் இறக்கையோடு சேர்ந்து திரும்பும் இணைப்பு. 172-இன் எய்லரான், இறக்கை குறுகும் வெளிப்பகுதியில் இருக்கிறது; போதாக்குறைக்கு இறக்கை நுனி பக்கம் சற்று உயர்ந்தும் இருக்கும். மாடல் செய்யும் மென்பொருளான பிளெண்டரின் பொது அச்சில் சுழற்றினால் ஒரு முனை இறக்கைக்குள் புதையும், மறுமுனையில் இடைவெளி விழும். கீல்கோட்டின் இரு முனைப் புள்ளிகளைப் பிடித்து, எய்லரானின் சொந்த அச்சை அந்தக் கோட்டோடு பொருத்திய பிறகே அனிமேஷனைத் தொடங்குங்கள்.

ஜாய்ஸ்டிக் நடுக்கத்தை மறைக்க அசைவில் தாமதம் சேர்க்கிறீர்கள். அது வேண்டாம். 172-இல் விமானி பிடிக்கும் யோக்குக்கும் எய்லரானுக்கும் நடுவே எஃகு கேபிள்தான், கை அசைந்த கணமே அதுவும் அசையும். நடுக்கத்தை ஜாய்ஸ்டிக் அமைப்பில், சிறிய டெட்ஸோன் (சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத நடுப்பகுதி) வைத்துத் தீர்க்கலாம். வேகம் கூடும்போது கோணத்தைக் குறைப்பதும் கேபிள் விமானத்துக்குப் பொருந்தாது. அங்கே யோக் கனக்கும், அவ்வளவுதான். ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானத்தின் கதை வேறு; அங்கே எய்லரானை அசைப்பது ஹைட்ராலிக், அதாவது திரவ அழுத்தம். ஹைட்ராலிக் அழுத்தம் இறங்கியபின் நிற்கும் விமானத்தில் எய்லரான்கள் தொங்கும். ஃபிளாப் (கிளம்பும்போதும் தரையிறங்கும்போதும் இறக்கும் இறக்கைத் தட்டு) இறங்கினால் இரு பக்க எய்லரான்களுமே 5 பாகை கீழே வரும்.

எங்களை அதிகம் உறுத்துவது டிரிம் டேப், அதாவது எலிவேட்டரை ஒரு நிலையில் நிறுத்தி வைக்க அதன் பின்விளிம்பில் இருக்கும் சின்னத் தட்டு. 172-இல் அது வலது எலிவேட்டரில் மட்டும் உண்டு. மூக்கை உயர்த்த டிரிம் செய்தால் டேப் கீழே வரும், காற்று அதைத் தள்ள எலிவேட்டர் மேலே போகும். உங்கள் மாடலில் டேப்பும் எலிவேட்டரும் சேர்ந்தே மேலே போகின்றன. மற்றதெல்லாம் மெதுவாக வரட்டும், அடுத்த வெளியீட்டில் இதை முதலில் திருத்துங்கள். ஒரு மைனஸ் குறியில் முடிகிற வேலை.

அன்புடன்,
நீலகிரி சிமுலேட்டர் பயனர்கள்