பட்டு முத்திரை வேறு, கைத்தறி முத்திரை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் ஒரு கடையில், செட்டிநாட்டின் கட்டம் போட்ட பருத்திச் சேலையான கண்டாங்கி என்று ஒன்றை எடுத்துப் போட்டார்கள். கட்டமெல்லாம் சரிதான், துணி விசைத்தறி. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சில ரகங்களைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய ஒதுக்கிய கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் 1985-இலேயே வந்துவிட்டது. கடையில் இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?

கைத்தறியின் உழைப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு: காஞ்சிபுரம் கோர்வைப் பட்டுச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நிறம். குறுக்கு நூலைக் கொண்டு செல்லும் நாடா மூன்றை ஓட்டி, ஒவ்வோர் ஊடைக்கும் (குறுக்கு இழைக்கும்) உடலையும் கரையையும் கோர்க்க வேண்டும். தறியில் இன்னொருவர் துணைக்கு இருந்தாக வேண்டும். பெரும்பாலும் வீட்டு ஆள்தான். (அவருடைய உழைப்பு கூலிக் கணக்கில் வருகிறதா என்பது வேறு கதை.) முந்தானையின் நிறம் மாறினால் பாவு எனும் நெடுக்கு நூலையே இழை இழையாக இணைப்பார்கள்.

அதே கடையில் ஒரு பட்டுச் சேலையைக் காட்டி, கைத்தறியா என்று கேட்டதற்கு, 'பட்டு முத்திரை இருக்கிறதே' என்று கடைக்காரர் சமாதானம் சொன்னார். அது நூல் அசல் பட்டா என்பதை மட்டுமே சொல்லும். கையால் நெய்ததா என்று சொல்வது கைத்தறி முத்திரை. ஆகஸ்ட் 7 தேசிய கைத்தறி தினத்தன்று படங்களோடு நிறுத்தாமல், இந்த வேறுபாட்டையும் தங்கள் நாளிதழ் விளக்கி எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி