ஒரு திருகை மட்டும் முடுக்கிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெரம்பூர், தண்டையார்பேட்டைப் பக்கம் இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) பல்செட் போட வருகிறவர்கள் விலையைக் கேட்கிறார்கள். உள்ளே இருக்கும், இம்பிளான்ட்களோடு திருகுகளால் முடுக்கப்படும் உலோகச் சட்டத்தை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பதில்லை.

மெழுகு வைத்து வார்க்கும் கோபால்ட்-குரோமியம் உலோகக் கலவை ஆறும்போது ஏறக்குறைய 2 சதவீதம் சுருங்கும். உலோகத்தை ஊற்றும் அச்சு மாவின் விரிவு அதை ஈடுகட்ட வேண்டும். நீண்டு வளைந்த சட்டத்தில் முழுதாக ஈடாகாது. இயற்கைப் பல் வேரைச் சுற்றிய நாரால் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். எலும்போடு இறுகிய இம்பிளான்ட் கொடுக்காது. இழுபறியெல்லாம் திருகின் தலையில்தான்: தளரும், சமயத்தில் உடையும்.

கணினி வழி கடைந்த டைட்டானியம் சட்டம் பொதுவாக நன்றாகப் பொருந்தும். ஆனால் அளவு பிசகினால் எந்த இயந்திரமும் காப்பாற்றாது. அளவெடுக்க இம்பிளான்ட்களில் மாட்டும் காப்பிங்குகளை ரெசினால் (இறுகும் பிசினால்) இணைத்தால் ரெசினும் சுருங்கும். எனவே இறுகியபின் நடுவில் அறுத்து, அந்த மெல்லிய இடைவெளியை மறுபடி ஒட்டிய பிறகே அளவெடுக்க வேண்டும்.

சட்டத்தின் ஒரு முனைத் திருகை மட்டும் முடுக்கி, மறுமுனை தூக்குகிறதா என்று எக்ஸ்ரேயில் பாருங்கள். தூக்கினால் மற்ற திருகுகளை முடுக்கி அமுக்கிவிடுவதுதான் நடக்கிற தப்பு. வார்த்த சட்டத்தை அறுத்து, வாயிலேயே சேர்த்துப் பிடித்து, லேபில் பற்றவைக்க வேண்டும். கடைந்ததென்றால் புதிதாக அளவெடுப்பதே வழி.

இப்படிக்கு,
பல் லேப் தொழில்நுட்பர்கள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.