புளிப்பும் நவச்சாரமும்

அல்சூர், பெங்களூரு

கண்ணு மதுவுக்கு,

ஜூலை தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஒரு நாள், பிறகு ஒசாகாவில் மூன்று வாரம், ஆகஸ்ட் முழுக்க அடிஸ் அபாபா, செப்டம்பரில் ஹெல்சிங்கி என்று எழுதியிருந்தாய். போகிற ஊரிலெல்லாம் பிரெட்டும் தயிரும் சாப்பிட்டு நாளைத் தள்ளிவிடாதே. அந்தந்த ஊரில் நீ அவசியம் ருசி பார்க்க வேண்டியவை இருக்கின்றன. சைவமும் முட்டையும் மட்டும் சாப்பிடுகிற உனக்கு எது ஆகும், எதை எப்படி வாயில் வைக்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். மாவுக் கடை வீட்டில் வளர்ந்தவள் நீ, புளிப்பு உனக்குப் பழக்கம். இட்லி மாவில் பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகிறது, மாவு புளிக்கிறது. வேறு சில பண்டங்களில் நுண்ணுயிர் கை வைப்பது புரதத்தில். புரதம் உடைந்தால் அமிலம் வராது, அமோனியா வரும். ஈயம் பூசுகிறவர் சூடான பித்தளைப் பாத்திரத்தில் நவச்சாரம் என்ற அமோனியா உப்பைத் தூவிப் பஞ்சால் துடைக்கும்போது வெள்ளைப் புகை எழுந்து மூக்கைத் துளைக்குமே, அந்த வாடை. நம் மூக்குக்கு அது சாப்பாட்டு வாடையாகத் தோன்றாது, கெட்டுப்போனது என்றே படும். உனக்கு வரப்போகிற தயக்கம் முக்கால்வாசி இதனால்தான். காரணம் தெரிந்தால் தயக்கம் பாதி குறையும்.

சிங்கப்பூரில் கஞ்சிக் கடையில் 'பீடான்' என்று கேள். வாத்து முட்டையைச் சுண்ணாம்பு, சாம்பல், உப்பு, தேயிலை சேர்ந்த கலவையில் வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மை உள்ளே இறங்கி, வெள்ளைக் கரு தேன் நிறத்துக் கண்ணாடி போலவும், மஞ்சள் கரு கரும்பச்சைக் குழம்பு போலவும் ஆகிவிடும். இங்கே நுண்ணுயிருக்கு வேலையில்லை, சுண்ணாம்பே எல்லாம் செய்கிறது. நறுக்கின உடனே வாயில் போடாதே. பத்து நிமிஷம் காற்றாட வைத்தால் வாடை தணியும். மெலிதாகச் சீவிய இஞ்சியும் கருப்பு வினிகரும் சேர்த்துச் சாப்பிடு. புளிப்பு பட்டதும் அமோனியா அடங்கிவிடும், அதற்காகத்தான் அந்த ஊர்க்காரர்கள் வினிகர் வைத்திருக்கிறார்கள். கஞ்சியில் போட்டு வாங்கினால் பன்றி இறைச்சியும் சேர்ந்தே வரும், அதனால் டோஃபுவோடு தனித் தட்டில் வாங்கு. கடையில் முட்டையாக வாங்கினால் 'காரீயம் (lead) இல்லாதது' என்று போட்டிருக்கிறதா பார். பழைய முறையில் காரீய ஆக்சைடு சேர்த்துச் செய்வதுண்டு.

அது டுரியன் சீசனும்கூட. பலாப்பழ வாசனை பிடித்தவளுக்கு டுரியன் பிடித்துப்போகும், இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. வாங்கின இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டு முடி. மெட்ரோ ரயிலில் கொண்டுபோக விடமாட்டார்கள், ஓட்டல் அறையிலும் அனுமதி இருக்காது.

ஒசாகாவில் நட்டோ. இதைத்தான் நீ நிதானமாகப் பழக வேண்டும். வேகவைத்த சோயா பயறில் பாசில்லஸ் இனத்து பாக்டீரியாவைக் கலந்து, 40 டிகிரி சூட்டில் ஒரு நாள் வைத்து எடுப்பது. பயறின் மேல் வழவழப்பு கட்டி, எடுத்தால் நூல் நூலாக இழுக்கும். ஒசாகாப் பக்கம் கிழக்கு ஜப்பான் அளவுக்கு இதைச் சாப்பிடமாட்டார்கள், ஆனாலும் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் குளிர்பெட்டியில் மூன்று மூன்றாகக் கட்டி வைத்திருப்பார்கள். ஒரு பெட்டி 40லிருந்து 50 கிராம் இருக்கும். ஜூலை 10 அங்கே நட்டோ நாள். 7ஐயும் 10ஐயும் சேர்த்துச் சொன்னால் அவர்கள் மொழியில் 'ந-டோ' என்று வருமாம், அன்றைக்கே நீயும் ஆரம்பிக்கலாம்.

வாங்கும்போது 'ஹிகிவாரி' என்று கேட்டு வாங்கு. பயறை உடைத்துச் செய்தது, முழுப் பயறைவிட மென்மையானது. பெட்டிக்குள் குட்டிப் பையில் ஒரு சாறும் கொஞ்சம் கடுகு விழுதும் இருக்கும். அந்தச் சாறில் பெரும்பாலும் கட்சுவோ மீன் சத்து இருக்கும், தூக்கிப் போட்டுவிடு. அதற்குப் பதில் சாதாரண சோயா சாஸ் அரை டீஸ்பூன் போதும். கொம்பு என்ற கடற்பாசிச் சாறு வைத்த வகையும் உண்டு, அது கிடைத்தாலும் மீன் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

மேலே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை நேராகத் தூக்கினால் நூல் மேஜையெல்லாம் இழுபடும். ஒரு மூலையைப் பிடித்துச் சுழற்றியபடி எடு. சாஸ் ஊற்றுவதற்கு முன்னால் வெறும் பயறைச் சாப்ஸ்டிக்கால் நாற்பது ஐம்பது தடவை ஒரே பக்கமாகச் சுற்று. நூல் வெளுத்து நுரை மாதிரி ஆக வேண்டும். எல்லாரும் தப்பு செய்கிற இடம் இதுதான். முதலிலேயே சாஸ் ஊற்றினால் நீர்த்துப்போய் நுரை கட்டாது, வழவழப்பு மட்டும் வாயில் நிற்கும். நுரை கட்டிய பிறகு சாஸ், கடுகு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் போட்டு இன்னும் பத்து சுற்று. முதல் தடவை அரைப் பெட்டி போதும். கொதிக்கும் சாதத்தில் போட்டால் ஆவியோடு வாடை முகத்தில் அடிக்கும், சாதம் கொஞ்சம் ஆறட்டும். பக்கத்தில் ஊறுகாய் கட்டாயம் வேண்டும். உன் பெட்டியில் வைத்த உப்பு நார்த்தங்காயை எடுத்துக்கொள், அதன் புளிப்பு இதற்குச் சரியான ஜோடி.

தேதி தாண்டியதை வாங்காதே. பயறு மேல் வெள்ளையாக நறநறவென்று மணல் மாதிரி இருந்தால் அது டைரோசின் என்ற, புரதம் உடைந்து வரும் பொருளின் படிகம், கெடுதல் இல்லை, ஆனால் பழசு என்று அர்த்தம். பச்சை, கருப்பு, சிவப்பு என்று பூஞ்சை நிறம் தெரிந்தால் குப்பையில் போடு.

பிடித்துப்போனாலும் அதை வீட்டுக்குக் கொண்டுவராதே, கண்ணு. இரண்டு காரணம். அத்தை ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். நட்டோவில் வைட்டமின் கே2 மிக அதிகம், அந்த மாத்திரையின் வேலையை அப்படியே கெடுத்துவிடும், ஒரு ஸ்பூன்கூட ஆகாது. இன்னொன்று நம் மாவு. நட்டோ பாக்டீரியாவின் வித்து கொதிநீரில்கூடச் சாகாது. ஜப்பானில் சாகே என்ற அரிசி மது வடிக்கிறவர்கள் அந்தப் பருவத்தில் நட்டோவே தொடமாட்டார்கள், அரிசியில் அது புகுந்தால் எல்லாம் வழவழத்துப் போகும் என்று பயம். அரைக்கிற இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.

அடிஸ் அபாபாவில் இந்தக் கவலை எதுவும் இல்லை, அங்கே நம் வீட்டுப் புளிப்புதான். டெஃப் என்ற தானியம், கசகசா அளவுதான் இருக்கும். அந்த மாவைக் கரைத்து, பழைய மாவின் மேல் தேங்கும் மஞ்சள் நீரை உறையாக ஊற்றி, இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து வார்ப்பது இன்ஜெரா. அரை மீட்டருக்கு மேல் அகலமான கல், மூடி போட்டு ஒரே பக்கம் வேகவைப்பார்கள், திருப்பிப்போட மாட்டார்கள். மேலே நம் ஆப்பத்தில் வருவது போலக் கண் கண்ணாகத் துளை விழும். அவர்களும் அதைக் கண் என்றுதான் சொல்கிறார்கள்.

சாப்பிடுவது வலது கையால். விள்ளலைக் கிழித்து அதிலேயே குழம்பைப் பொத்தி எடுக்க வேண்டும். குழம்பில் விரல் படக் கூடாது, விரலை நக்கவும் கூடாது. பொதுத் தட்டில் உன் பக்கத்திலிருந்து மட்டும் எடு. யாராவது ஒரு கவளம் உருட்டி உன் வாய்க்கு நேராக நீட்டினால் அது 'குர்ஷா', மரியாதைக்காகச் செய்வது. கூச்சப்படாமல் வாயைத் திற. அடியில் குழம்பு ஊறிக் கிடக்கும் இன்ஜெராவைக் கடைசிக்கு வைத்துக்கொள், மொத்தத் தட்டிலும் ருசி அங்கேதான் இருக்கிறது. ஆனால் இன்ஜெரா வயிற்றில் போய் உப்பும். முதல் நாள் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

உனக்கு அந்த ஊர் தோதானது. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் விரதம், இறைச்சி, பால், முட்டை, நெய் எதுவும் கிடையாது. ஈஸ்டருக்குப் பிந்தைய 50 நாள் தவிர வருஷம் முழுக்க இதே வழக்கம். நீ இருக்கும்போது ஆகஸ்ட் 7 தொடங்கி ஃபில்சேட்டா விரதமும் வருகிறது, இரண்டு வாரத்துக்குத் தினமும் விரதச் சாப்பாடு கிடைக்கும். 'யெ-சோம் பெயாய்னெட்டு' என்று கேள். ஒரு இன்ஜெராவில் மசூர் பருப்புக் குழம்பு, மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துத் தருவார்கள். விரதத்தில் மீன் சாப்பிடுகிறவர்களும் உண்டு, மீன் வேண்டாம் என்று மட்டும் தனியாகச் சொல்லிவிடு. கடலைமாவுக் குழம்பு 'ஷிரோ'வைத் தனியாக வாங்கிப் பார், உனக்கு நம் பம்பாய் சட்னி நினைவு வரும்.

திரும்பி வந்ததும் கேழ்வரகில் செய்து பார்க்கலாம். கேழ்வரகே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து நமக்கு வந்த தானியம்தானே. கேழ்வரகு மாவு மூன்று பங்கு, பச்சரிசி மாவு ஒரு பங்கு, இரண்டும் சேர்த்து 250 கிராம் எடுத்தால் தண்ணீர் 400 மில்லி, உறைக்குப் புளித்த தோசை மாவு ஒரு ஸ்பூன். மூடி இரண்டு நாள் வை, டிசம்பர் குளிரில் மூன்று நாள் ஆகும். மேலே தெளிந்த நீரை வடித்துவிட்டு, அரைக் கப் மாவை ஒரு கப் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு மாவில் கலக்கு. ஆப்ப மாவுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றுகிறோமே, அதே வேலை. இதை விட்டுவிட்டால் வார்த்தது விரிசல் விட்டு உடையும். சூடாக ஊற்றினால் புளிக்கவைக்கும் உயிர் செத்து, கண் விழாது. மறுபடி குமிழ் வர இரண்டு மணி நேரம் விட்டு, தோசை மாவைவிட நீர்க்கக் கரைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுழற்றி ஊற்று. கண் விழுந்த பிறகுதான் மூட வேண்டும். முன்னாலேயே மூடினால் மூடியின் வியர்வை சொட்டி மேலே பிசுபிசுக்கும்.

ஹெல்சிங்கியில் சால்மியாக்கி என்று கருப்பு மிட்டாய், சின்ன வைர வடிவம். அதிமதுரமும் நவச்சாரமும். ஆமாம், ஈயம் பூசுகிறவர் வைத்திருக்கும் அதே உப்புதான், உணவுக்குத் தகுந்த தூய்மையில். முதல் ஐந்து நொடி உப்பும் உறுத்தலும்தான், மூச்சு மூக்கு வழியே வெளியே போகும்போது காரமாக ஏறும். துப்பிவிடாமல் பொறுத்தால் பின்னால் அதிமதுரத்தின் இனிப்பு மெல்ல வரும். கடிக்காதே, நாக்கின் நடுவில் வைத்துக் கரையவிடு. பாக்கெட்டில் 'லீவத்தே' (liivate) என்று இருந்தால் ஜெலட்டின், அதை வாங்காதே. ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம், அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். அப்பாவுக்கு என்று ஒன்றுகூட வாங்கிவராதே.

அங்கேயே லெய்ப்பாயூஸ்டோ என்று தட்டையான பாலாடைக்கட்டி இருக்கிறது, மேலே தோசைக்கல்லில் சுட்டது போலப் பழுப்புப் புள்ளி. பழைய நாளில் சீம்பாலில் செய்தது. கன்னடக்காரர்கள் வீட்டுக் கின்னு என்ற சீம்பால் இனிப்பு சாப்பிட்ட உனக்கு அந்தப் பால்வாசனை அந்நியமாக இருக்காது. கடித்தால் பல்லில் கீச்சென்று சத்தம் வரும். துண்டு போட்டு டம்ளரில் வைத்து மேலே சூடான காபி ஊற்றி, கடைசியில் ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுவது வடக்கு ஃபின்லாந்து வழக்கம். உருகாது, மெத்தென்று ஆகும். பாலைத் திரிக்கும் ரென்னட் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்ததா, நுண்ணுயிரிலிருந்து வந்ததா என்று கடையில் கேட்டுக்கொள்.

நார்த்தங்காய் டப்பாவின் மூடியை இன்னொரு கவரில் சுற்றி வைத்திருக்கிறேன், பிரித்தால் அதே மாதிரி சுற்றி வை. அடிஸ் போன முதல் புதன்கிழமை என்ன தட்டு வந்தது என்று படம் எடுத்து அனுப்பு.

அம்மா